பின் சீட்டுக் கடை

பூங்காவின் வாசலில் கார் நின்றதும் வனக்காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். நடுவயதுப் பெண். தொப்பியின் விளிம்பு ஜன்னலில் இடிக்காமலிருக்க அதை ஒரு கையால் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் கரடி நடமாட்டம் இருக்கு சார். வண்டிக்குள்ள சாப்பிடற பொருள் ஏதாவது இருக்கா? பிஸ்கட், பழம், சூயிங்கம், எதுவா இருந்தாலும் சரி. மூக்கு ரொம்பக் கூர்மை அதுங்களுக்கு."

"டிக்கில ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கு," என்றான் கணவன்.

"வண்டி நிறுத்தற இடத்துல இரும்புப் பெட்டி வச்சிருக்கோம். அதுல வச்சு கொக்கி மாட்டிட்டு அப்புறம் நடக்கப் போங்க. வண்டிக்குள்ள வேற ஒண்ணும் இல்லியே?"

"ஒரு துணுக்கு கிடையாதுங்க. என் வண்டியில யாரும் சாப்பிடறதே இல்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்வாங்க. நான் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர். ஓட்டல் ஓட்டலா போய் அடுப்புக்கு அடியில டார்ச் அடிச்சுக் கரப்பான் தேடறவன். நீங்க வேணா பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க."

வனக்காவலர் சிரித்துவிட்டார். பின் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். குழந்தைகள் இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், முன் சீட்டுக்குக் கீழே பாதி நுழைத்துவைத்த நீலப் பை இருந்தது. கம்பளித் தொப்பிகளுக்கான பை. மேலே நான்கு தொப்பிகள். அவற்றுக்கு அடியில் பிஸ்கட், வறுத்த வேர்க்கடலை, உலர்ந்த திராட்சை, ஜாம் தடவிய ரொட்டி, பாதி தின்று மடித்த சாக்லேட். வனக்காவலர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளும் பதிலுக்குப் புன்னகைத்தாள். அது அவளுக்கு எளிதாகவே வந்தது.

கார் நகர்ந்ததும் பெரியவள் முழங்கையால் இடித்தாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "அம்மா, கடை?" என்று கேட்டாள்.

"அப்புறம்," என்று அவளும் உதட்டை அசைத்தாள்.

கடை தொடங்கியது இந்தப் பயணத்தில் அல்ல. சின்னவனுக்கு வெறும் வயிற்றோடு வண்டியில் போனால் குமட்டும். ஒருநாள் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, அவன் முகம் வெளுத்துப்போவதைப் பார்த்துப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? "சரி, கீழ சிந்தாம பாத்துக்கோ" என்றிருப்பான். வீட்டுக்கு வந்ததும் சின்ன வாக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பான். அவ்வளவுதான். அவன் கத்துகிறவன் இல்லை. கைநீட்டுகிறவன் இல்லை. அவனுக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. ஒரு துணுக்கை நம்பி எத்தனை பூச்சி குடும்பம் நடத்தும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவனுக்கு வரக்கூடிய பிடிவாதங்கள். சாப்பிட வேண்டுமென்றால் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவான், மேசை விரிப்பான், எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றுவான், குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே ரொட்டி வெட்டித் தருவான்.

அப்படிப்பட்டவனுக்குத் தெரியாமல்தான் கடை நடந்தது. அது வேடிக்கையாக இருந்ததுதான் காரணம் என்பதை அவள் தனக்குள்கூட ஒப்புக்கொண்டதில்லை. பெரியவள் அப்பாவுக்கு 'ஆபீசர்' என்று பெயர் வைத்தாள். கண்ணாடியில் அவன் கண் பின்னால் திரும்பினால் "ரெய்டு" என்பது சமிக்ஞை. உடனே மூன்று வாய்களும் மெல்லுவதை நிறுத்தும். சின்னவன் சிரிப்பை அடக்க முடியாமல் அவள் மடியில் முகத்தைப் புதைப்பான். அந்தச் சூட்டுக்காகவே அவள் முன் சீட்டை விட்டுப் பின்னால் வந்துவிட்டாள். சின்னவனுக்குக் குமட்டும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. முன்னால் அவனும் வரைபடமும் தண்ணீர் பாட்டிலும் மட்டும்.

"டாக்சி டிரைவர் கணக்கா நான் மட்டும் முன்னாடி. மூணு பேரும் ஜமீன்தார் மாதிரி பின்னாடி," என்பான் அவன். "எங்க போகணும் மேடம்?"

"சிங்கம் இருக்கற காட்டுக்கு!" என்பான் சின்னவன்.

"மீட்டருக்கு மேல போட்டுக் குடுப்பீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான்.

கடையில் எந்தச் சரக்கு வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதில் அவள் தேர்ந்தவள். வாழைப்பழம் கூடாது, வாசனை வரும். அப்பளம் போல நொறுங்குவது கூடாது. ஆனால் பளபளக்கும் மெல்லிய காகிதம் சுற்றிய பிஸ்கட்டுகளை அவள் தயங்காமல் வாங்கினாள். அந்தக் காகிதம் கசங்கும் ஓசை, உச்சத்தில் கீச்சிடும் ஓசை, அவனுக்குக் கேட்காது. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் அவள் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் மருத்துவமனையில் காது பரிசோதனை செய்பவள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மதியம், அவன் தானாகவே அங்கே வந்தான். ஓட்டல் சமையலறைகளில் புகை இழுக்கும் பெரிய விசிறிகளுக்குக் கீழே நின்று நின்று காது மந்தமாகிவிட்டதோ என்று அவனுக்குச் சந்தேகம். வேறு யாரிடமும் காட்ட மாட்டேன் என்றான். ஓசை புகாத அந்தச் சின்ன அறையில் அவனை உட்காரவைத்து, அவளே காதில் ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்று எல்லோரிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தான்களை அழுத்தினாள். தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் பள்ளிப் பையன் மாதிரி டக்கென்று கையைத் தூக்கினான். ஒலி ஏற ஏறக் கை தாமதித்தது. பிறகு ஒருதரம் பாதி தூக்கி, நிச்சயமில்லாமல் மடியில் இறக்கிக்கொண்டான். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் கவனமாக, முகத்தைச் சற்றே சாய்த்து, வரவே வராத ஒன்றுக்காகக் காத்திருந்தான்.

"மேல இருக்கற ஓசை மட்டும் கொஞ்சம் போயிருக்கு. பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் பிறகு.

"உனக்குத் தெரிஞ்சா போதும்," என்றான் அவன். "பசங்களுக்குச் சொல்லிடாத. கிழவனாயிட்டேன்னு கிண்டல் பண்ணுங்க."

சொல்லமாட்டேன் என்றாள். பெட்ரோல் போட நின்ற ஒருநாள், பிஸ்கட் காகிதம் கசங்கிய சத்தத்தில் பெரியவள் வெலவெலத்து முன்னால் பார்த்தபோது, "பயப்படாதடி, அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேக்காது. நான்தான் மெஷின்ல பாத்தேன்ல," என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவ்வளவு சிறிய விஷயமாக இருந்தது. குழந்தைகள் இருவரும் மாயாஜாலம் ஒன்றைக் கற்றுக்கொண்டது போல அவளைப் பார்த்தார்கள்.

விடுமுறையில் மூன்று தேசியப் பூங்காக்களைச் சுற்றிவருவது என்று திட்டம் போட்டவன் அவன்தான். இது கடைசி. மலைக்கு நடுவே ஏரி, ஏரிக்கரையைச் சுற்றி நடைபாதை. வண்டி நிறுத்துமிடத்தில் அவன் டிக்கியைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான். இரும்புப் பெட்டியின் கதவுக்குள் கையை விட்டு, கொக்கியைத் தூக்கித் திறக்கும் விதத்தைக் குழந்தைகளுக்குச் செய்து காட்டினான்.

"பாத்தியா, கரடியோட கை இதுக்குள்ள போகாது. நம்ம கைதான் போகும். யோசிச்சுப் பண்ணியிருக்கான் பாரு, எவனோ ஒருத்தன்."

"குரங்கு கை போகுமே," என்றான் சின்னவன்.

"அதுக்குத்தான் உன்னை ஜாக்கிரதையா பிடிச்சுக்கணும்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் காருக்குள் பையைப் பார்த்தபடி நின்றாள். எடுத்துக்கொண்டு போய் அதையும் உள்ளே வைத்திருக்கலாம். "தொப்பிப் பை எதுக்கு?" என்று அவன் கேட்பான். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். திறந்து பார்த்தால்? இரும்புப் பெட்டிக்குள் வைக்கிற ஒரு பையை அவன் திறந்து பார்க்காமல் வைக்கமாட்டான். கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருக்கிறது, ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துவிடப்போகிறோம், எத்தனையோ பேர் எதையெதையோ வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி சொன்னாங்கல்ல?"

"நீ சும்மா இரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்று தன் கம்பளிச் சட்டையை எடுத்துப் பையின் மேல் போட்டு மூடினாள்.

ஏரி பச்சையாக, அசையாமல் இருந்தது. அவன் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். பெரியவள் வழக்கத்துக்கு மாறாக அப்பாவின் பக்கத்திலேயே நடந்தாள். நடுநடுவே திரும்பி வண்டி நின்ற திசையைப் பார்த்தாள். அம்மாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. இந்தப் பெண் ஏன் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறாள் என்று நினைத்தாள்.

திரும்பி வரும்போது வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சின்னக் கூட்டம் நின்றிருந்தது. கூட்டத்துக்கு நடுவே அவர்கள் கார். பின் ஜன்னல் முழுக்க உடைந்து, கண்ணாடி அரிசிமணி அரிசிமணியாகத் தரையெங்கும் கொட்டிக் கிடந்தது. கதவின் மேல் விளிம்பு காகிதத்தை மடித்தாற்போல வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சீட்டின் உறை கிழிந்து மஞ்சள் பஞ்சு பிதுங்கி நின்றது. சின்னவன் உட்காரும் இடம் அது.

அவன் சின்னவனைத் தோளிலிருந்து இறக்கினான்.

வாசலில் பார்த்த அதே வனக்காவலர் கையில் வாக்கிடாக்கியோடு வந்தார். "உங்க வண்டியா? நல்லவேளை, யாரும் உள்ள இல்ல. இவங்க பாத்திருக்காங்க, சின்னக் கரடிதான். அம்மாகிட்டருந்து போன வருஷம்தான் பிரிஞ்சிருக்கும்." குரலை இறக்கி, "சார், உண்மையைச் சொல்லுங்க. உள்ள என்ன இருந்துச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. காலைலயே சொன்னேனே."

"ஏதாவது காணாமப் போயிருக்கா பாருங்க. சில சமயம் பையோட தூக்கிட்டுப் போயிடும்."

அவன் உள்ளே குனிந்து பார்த்தான். கிழிந்த கம்பளிச் சட்டை ஒன்றை வெளியே எடுத்தான். அவளுடையது. "ஒரு நீலப் பை காணோம். ஆனா அதுல குளிர்த்தொப்பிதான் இருந்துச்சு. நாலு தொப்பி." நிமிர்ந்தான். "தொப்பியைத் தின்னுமா கரடி?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "குளிருதோ என்னவோ பாவம்," என்றது ஒரு குரல்.

வனக்காவலர் சிரிக்கவில்லை. "அப்படின்னா இது சிக்கல் சார். உள்ள சாப்பாடு இருந்து அது கண்ணாடியை உடைச்சா தப்பு நம்ம மேல. அதைப் பிடிச்சு மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவோம். ஒண்ணுமே இல்லாத வண்டியை உடைச்சிருக்குன்னா, வண்டியைப் பாத்தாலே உடைக்கப் பழகிடுச்சுன்னு அர்த்தம். நாளைக்கு ஆள் இருக்கற வண்டியையும் உடைக்கும். அப்படிப்பட்டதை விட்டு வைக்கமாட்டாங்க."

"விட்டு வைக்கமாட்டாங்கன்னா?" என்றாள் பெரியவள்.

வனக்காவலர் அவளைப் பார்த்துவிட்டு அவனிடமே பேசினார். "நாலு பேர் துப்பாக்கியோட பின்னாடியே போயிருக்காங்க. ரொம்பத் தூரம் போயிருக்காது. நான் சொல்றதை வச்சுத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு?" அவன் சட்டைப் பையிலிருந்து அலுவலக அடையாள அட்டையை எடுத்தான். "இருபது வருஷமா இதே வேலை. நான் வண்டியை நிறுத்தினா முதல்ல சீட்டைத்தான் தட்டிப் பாப்பேன். என் பசங்களைக் கேளுங்க. என் வீட்டுக்காரியைக் கேளுங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. ஒரு சாட்சியைக் கூப்பிடுவது போலக்கூட இல்லை. வெயிலில் நிற்பவன் குடைக்குள் வருவது போலச் சாதாரணமாக அவள் பக்கம் திரும்பினான்.

ஒரு தலையசைப்பு போதும். அவன் மானம் காப்பாற்றப்படும். கடை காப்பாற்றப்படும். எங்கோ மரங்களுக்கு நடுவில் ஒரு மிருகம் நீலப் பையைக் கிழித்து ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும். அது அவளுக்கு யார்? அப்படி ஒரு எண்ணம் தனக்குள் வந்ததை அவள் பார்த்தாள். அதைவிட மோசமாக, கரடியை எதற்கு இவ்வளவு சீக்கிரம் தேடிப் போனார்கள், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, நான் தனியாக இந்த அம்மாவிடம் வந்து காதோடு சொல்லியிருப்பேனே என்று கோபம் வந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கண்ணுக்குத் தெரியுது. சொல்லுங்க, என்ன பண்றது?" என்றது அதிலிருந்த ஆண் குரல்.

பெரியவள் அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அழவில்லை. அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவள் போல நின்றாள்.

"இருந்துச்சு," என்றாள் அவள்.

"என்ன?" என்றான் அவன்.

"சாப்பாடு இருந்துச்சு. அந்தப் பையில. தொப்பிக்குக் கீழ." வனக்காவலரிடம் திரும்பி வேகமாகச் சொன்னாள். "பிஸ்கட், கடலை, ரொட்டி, ஜாம். நான்தான் வச்சேன். அது மேல தப்பு இல்ல. சொல்லிடுங்க, சுட வேண்டாம்னு சொல்லிடுங்க."

வனக்காவலர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "சுடாதீங்க. உள்ள சாப்பாடு இருந்திருக்கு. மயக்க ஊசி மட்டும் போடுங்க." பிறகு பெருமூச்சுவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் மேடம்," என்றார்.

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம் அவளுக்கு லேசாக இருந்தது. நல்லவளாகிவிட்டது போலக்கூட இருந்தது. அப்போது அவன் அருகில் வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நீயா வச்ச? எப்போ? இன்னிக்கா?"

"இன்னிக்கு மட்டும்தாங்க," என்றாள். யோசிக்காமலே வந்தது. "மலைப்பாதையாச்சே, இவனுக்குக் குமட்டுமேன்னு. இன்னிக்கு ஒருநாள்தான்."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். நம்பிவிட்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தியிருப்பேனே," என்று மட்டும் சொன்னான்.

சின்னவன் அதுவரை அப்பாவின் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தான். உண்மையைச் சொன்னால் கரடியைச் சுடமாட்டார்கள் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உண்மை சொன்னால் கரடிக்கு இன்னும் நல்லது என்று நினைத்தானோ என்னவோ.

"இல்லப்பா, கடை எப்பவுமே இருக்கும்," என்றான்.

"எந்தக் கடை?"

"நம்ம வண்டிக் கடை. நானும் அக்காவும் அம்மாவும் சாப்பிடுவோம். நீங்க பாத்தா ரெய்டு."

"டேய்," என்றாள் பெரியவள்.

அவன் குந்தி உட்கார்ந்து சின்னவனின் முகத்துக்கு நேராக வந்தான். இன்னும் பாதி சிரிப்பு முகத்தில் இருந்தது. "சும்மா கதை விடாத. நான் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்? பாக்கெட்டைப் பிரிச்சா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தான் அந்தச் சத்தம் கேக்காதே," என்றான் சின்னவன். "அம்மா மெஷின்ல பாத்தாங்கல்ல. அதனாலதான் அந்த பிஸ்கட்டே வாங்குவாங்க."

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். முகத்திலிருந்த சிரிப்பை எடுத்துவிட மறந்துபோனவன் போல. பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தான். உள்ளங்கையில் ஒட்டிய கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். அவளைப் பார்க்கவில்லை.

அவள் அவனிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். அவன் பயமுறுத்துகிறவனாக இருந்திருந்தால் சொல்ல ஒரு வாக்கியம் இருந்திருக்கும். அவன் கஞ்சனாக, முரடனாக, குழந்தைகளைப் பட்டினி போடுகிறவனாக இருந்திருந்தால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கையைப் பாதி தூக்கி இறக்கிய அந்த முகம்தான் அவள் கண்முன் வந்தது. அந்த முகத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவள் கடைத்தெருவில் பிஸ்கட் பொறுக்கினாள். இதற்கு மேல் "மன்னிச்சிடுங்க" என்று சொன்னால், அது அவனிடம் இன்னொன்றைக் கேட்டு வாங்குவதாகத்தான் இருக்கும்.

கூட்டம் கலைந்தது. வேடிக்கை முடிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வனக்காவலர் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு, ஜன்னலை மூடத் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டும் நாடாவும் கொண்டுவந்து கொடுத்தார். அவன் டிக்கியிலிருந்து கை விளக்குமாறை எடுத்துக் கண்ணாடியைக் கூட்ட ஆரம்பித்தான். சீட்டின் மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தடவினான். எப்போதும் செய்வதுபோல ஒழுங்காக, மூலையிலிருந்து நடுவுக்கு. மடிப்பின் ஆழத்திலிருந்து ஒரு பழைய திராட்சை வந்தது. சுருங்கி, தூசி படிந்து, எந்தப் பயணத்தில் விழுந்ததோ. அதை விரல்நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். குப்பைப் பையில் போட்டான்.

"நான் கூட்டட்டுமாங்க?" என்றாள்.

"வேண்டாம். கை கீறிக்கும்."

அந்தக் கரிசனம் அவளைச் சுட்டது. அது பழக்கத்தில் வந்த வார்த்தை. யாரிடமும் சொல்லக்கூடியது.

பெரியவள் அவன் பக்கத்தில் போய் நின்று பிளாஸ்டிக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றான் அவன், நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி.

"எதுப்பா?"

"என் காது."

பெரியவள் தலை குனிந்தாள். "தெரியும்பா."

"ம்."

"சாரிப்பா."

"நீ ஏன் சாரி சொல்ற? அந்த முனையை இழுத்துப் பிடி."

இருவரும் சேர்ந்து ஜன்னலை மூடினார்கள். அவள் சின்னவனோடு இரும்புப் பெட்டியருகே நின்றாள். சின்னவன் தான் ஏதோ தவறு செய்துவிட்டதை உணர்ந்து அவள் விரலைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. நீ சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்ல வேண்டும். அதைக் கணவன் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவளால் இரண்டும் ஆகவில்லை.

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. கரடிக்கு ஊசி போட்டாகிவிட்டது, மயங்கிவிட்டது, கூண்டு வண்டி வருகிறது என்றது குரல். வனக்காவலர் கட்டைவிரலை உயர்த்திக் குழந்தைகளுக்குக் காட்டினார்.

அப்போதுதான் தலைக்கு மேல் ஊசியிலை மரங்களின் உச்சியிலிருந்து அந்தப் பறவை கத்தியது. மெல்லிய, நீண்ட சீழ்க்கை. கம்பி இழுத்தாற்போல ஏறிக்கொண்டே போய் முடிவில் சட்டென்று அறுந்தது.

"அப்பா, அங்க பறவை!" என்றான் சின்னவன், தன்னை மறந்து. உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

அவன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். முகத்தைச் சற்றே சாய்த்தான். அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். மறுபடி பறவை கத்தியது. அவன் கண்கள் கிளைகளில் தேடின. பிறகு சின்னவனைப் பார்த்தான், பெரியவளைப் பார்த்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஓட்டல்காரர்கள் தங்கள் சமையலறை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும்போது அவர்களை இப்படித்தான் பார்ப்பானோ என்று அவளுக்குத் தோன்றியது.

"நிஜமா கத்துதா?" என்றான்.

"நிஜமாப்பா," என்றாள் பெரியவள். "சத்தியமாப்பா."

"ஆமாங்க, கத்துது," என்றாள் அவளும். "அந்த உயர மரத்துல. மேல ஏறி ஏறிப் போகுது சத்தம்."

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பேசியது கேட்டது என்பது அவன் தோள்களில் தெரிந்தது. பேச்சு அவனுக்கு நன்றாகவே கேட்கும். அவன் ஒட்டும் நாடாவை வண்டியின் மேல் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றிருந்த வனக்காவலரிடம் போனான்.

"ஏங்க, ஒரு பறவை கத்துதுங்கறாங்க," என்றான். "உங்களுக்குக் கேக்குதா?"

வனக்காவலர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "கேக்குதே. காலைலருந்து அங்கதான் கத்திக்கிட்டிருக்கு." மரத்தை நோக்கி விரலை நீட்டினார். "அதோ, காய்ஞ்ச கிளை தெரியுதா, அதுக்குப் பக்கத்துல."

"அப்படியா," என்றான் அவன். "சரிங்க."

அவர் விரல் காட்டிய கிளையையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.